தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் நாலு விதம்?

சன்னலோரம்:
எக்செலில் ஒரு தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று அது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் தேவை. எல்லோருக்கும் தெரிந்த தடமாக இருக்கட்டும் என்று நியூயார்க் ஜேஎஃப்கே – லண்டன் ஹீத்ரோவை வைத்துச் சோதித்தேன். ஒரு தளம் 5,540 கி.மீ. என்கிறது. இன்னொன்று 5,555. மூன்றாவது 2,999 என்று போட்டுவிட்டு அலகே சொல்லாமல் நிற்கிறது. விமானங்களைப் பின்தொடரும் செயலியில் ஏற்கெனவே பறந்து முடித்த ஒன்றைத் திறந்தால் 5,700ஐத் தாண்டியிருக்கிறது. நேரக் கணக்கு இதைவிடக் குழப்பம். போகும்போது ஏறத்தாழ 7 மணி, திரும்பும்போது 8 மணி என்று பயணச்சீட்டு சொல்கிறது, செயலியோ இரண்டுக்கும் அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. எதை நம்பி சூத்திரம் போடுவது?

கோணமானி:
மூன்று தளத்திலும் பொய் இல்லை. அந்த 2,999 கடல் மைல். ஒரு கடல் மைலுக்கு 1.852 கி.மீ. என்று 1929இல் நாடுகள் கூடி முடிவு செய்தார்கள், இன்றுவரை அதுதான். பெருக்கிப் பாருங்கள், 5,554 வரும். ஆக உங்கள் இரண்டாவது தளமும் மூன்றாவது தளமும் சொல்வது ஒரே தூரத்தைத்தான்.

5,540 எங்கிருந்து வந்தது என்றால், அந்தத் தளம் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சுத்தமான உருண்டை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஜேஎஃப்கே 40.64 வடக்கு, 73.78 மேற்கு. ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 73.33 டிகிரி. சைன் 40.64ஐ சைன் 51.47ஆல் பெருக்கினால் 0.5095. கொசைன் 40.64, கொசைன் 51.47, கொசைன் 73.33 மூன்றையும் பெருக்கினால் 0.1356. கூட்டினால் 0.6451. எந்தக் கோணத்தின் கொசைன் இது? 49.83 டிகிரி. அந்த உருண்டையின் மேல் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ., அப்படியானால் 5,540 சொச்சம். வந்துவிட்டதா?

ஆனால் நிஜ பூமி கொஞ்சம் அமுங்கியது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற நீள்கோள வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் 5,555 ஆகிவிடும். 15 கி.மீ. வித்தியாசம், கால் சதவீதம்தான். இதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பவர்கள் உருண்டைக்கான ஹேவர்சைன் சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அலட்டிக்கொள்கிற ஆள், அதனால் நீள்கோளம்தான்.

சன்னலோரம்:
கையால் போட்டே வந்துவிட்டது, நன்றி. அந்த வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம்தான் இருக்குமா? இருந்தால் ஒரு கால் சதவீதத்தைக் கூட்டிவிட்டுப் போய்விடுவேன்.

கோணமானி:
இருக்காது, அந்தக் குறுக்குவழி வேண்டாம். பெரும்பாலும் கிழக்கு மேற்காகப் போகும் தடங்களில் உருண்டைக் கணக்கு குறைத்துக் காட்டும். நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காகப் போனால் கூட்டிக் காட்டும். அங்கே அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 110.6 கி.மீ.தான், உருண்டை 111.2 என்று வைத்துக்கொள்கிறது. மோசமான இடத்தில் பிழை அரை சதவீதத்தைத் தொடும். சரியாக வேண்டும் என்றால் 1975இல் வந்த வின்சென்ட்டி முறை இருக்கிறது. ஆனால் பூமியில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் சில நேரம் விடை வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013இல் கார்னி வெளியிட்ட முறையில் அந்தத் தொல்லை இல்லை, நிரல் மொழிகளில் தயார் நூலகமாகவே கிடைக்கிறது.

அப்புறம் ஒன்று. தூரத்துக்கு உச்சவரம்பு உண்டு. பூமியில் எந்த இரண்டு இடத்தை எடுத்தாலும் 20,000 கி.மீ. சொச்சத்துக்கு மேல் இருக்கவே முடியாது. உங்கள் தாளில் அதைத் தாண்டி ஓர் எண் வந்தால் சூத்திரத்திலேயே எங்கோ தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

அரைத்தூக்கம்:
கணக்கெல்லாம் சரி, எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. இருக்கைக்கு எதிரே உள்ள திரையில் பார்த்தால் விமானம் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து வடக்கே ஏறி இறங்குகிறது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு நேரே கோடு போட்டால் கடல்தான், இது ஏன் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போய் எட்டிப் பார்க்கிறது? கடலுக்குப் பயந்தா?

கோணமானி:
வளைந்திருப்பது வரைபடம், பாதை இல்லை. உருண்டையான பூகோளம் ஒன்று கையில் கிடைத்தால் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாகவே வடக்கே நகர்ந்து நியூஃபவுண்ட்லாந்தை உரசும். அதுதான் குறுகிய வழி, பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான மெர்கேட்டர் வரைபடத்தில் (1569இல் மாலுமிகளுக்காக வரைந்தது) ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுத்தால் அந்தக் கோட்டின் நீளம் 5,760 கி.மீ. ஆகிவிடும், 220 கி.மீ. வீண் சுற்று. வடக்கே போகப் போக இந்த வித்தியாசம் பெரிதாகும். நடுக்கோட்டின் மேலேயே போகும் தடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

கடல்மைல்:
விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் வேலையில் இருக்கிறேன், அதனால் இடையில் நுழைகிறேன். கோணமானி சொன்னது தூரத்துக்கு முழுக்கச் சரி. ஆனால் எந்த விமானமும் அந்த 5,555ஐ அப்படியே பறப்பதில்லை.

ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மேலே எழ முடியும், லண்டன் கிழக்கே இருக்கிறது என்பதற்காகக் கிழக்கே எழும்ப முடியாது. காற்று எதிரே இருக்கிற மாதிரி ஓடுபாதையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பிறகு அந்த நிலையத்துக்கென்று வகுத்த வெளியேறும் பாதை, கடலுக்கு மேல் அன்றைய தடங்கள், கடைசியில் இறங்கும் பாதை. வட அட்லாண்டிக்கில் தடங்களே தினம் மாறும். கனடாவில் கேண்டர், பிரிட்டன் – அயர்லாந்து பக்கம் ஷான்விக் என்று இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை, காற்றைப் பார்த்து, மேற்கே போகிறவர்களுக்கு ஒரு கட்டு, கிழக்கே வருகிறவர்களுக்கு ஒரு கட்டு என்று தடங்களை அறிவிக்கும். ஹீத்ரோ வந்ததும் நெரிசல் இருந்தால் போவிங்டன், லம்போர்ன், ஆக்கம், பிகின் என்று நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் வட்டமடிக்க வைப்பார்கள். ஒரு வட்டம் நாலைந்து நிமிடம். செயலியில் நீங்கள் பார்த்த அந்த 5,700 இப்படித்தான் சேர்ந்திருக்கும்.

மேகப்பொதி:
எல்லாரும் தூரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நேரத்துக்கு வருவோம். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. விமானம் மேலே போய்விட்டால் லண்டனிலிருந்து மேற்கே போகும்போது நியூயார்க் தானாகவே நம்மை நோக்கி வர வேண்டும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். நிஜத்தில் அதுதான் அதிக நேரம் எடுக்கிறது. இதை யாரும் சரியாக விளக்கிப் பார்த்ததில்லை.

கோணமானி:
ஓடும் ரயிலுக்குள் நின்ற இடத்தில் குதித்துப் பாருங்கள், பின்னால் இருக்கும் பெட்டி வந்து உங்களை இடிக்கிறதா? தரையோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. கிளம்பும்போதே பூமியின் வேகம் அதனிடம் இருக்கிறது.

மேகப்பொதி:
சரி, காற்றும் கூடவே சுற்றுகிறது என்றால் போகவும் வரவும் ஒரே நேரம்தானே ஆக வேண்டும்? ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

கடல்மைல்:
காற்று பூமியோடு சுற்றுவதோடு நிற்பதில்லை, பூமியை முந்திக்கொண்டும் ஓடுகிறது, அதுதான் விஷயம். தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கே குறுகலான ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். வெப்பமான தெற்குக் காற்றுக்கும் குளிர்ந்த வடக்குக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிறப்பது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக மேகப்பொதி கேட்டதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைத்த வழியாக இல்லை. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடும், காற்றும் பலமாகும்.

1920களிலேயே ஜப்பானில் வசாபுரோ ஓயிஷி என்பவர் பலூன்களை விட்டு இந்தக் காற்றை அளந்து வைத்திருந்தார். அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் உயரே பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் ஜப்பானுக்கு மேலே அதில் போய் மாட்டிக்கொண்டார்கள்.

எண்ணாகச் சொல்கிறேன். விமானம் காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை 5,555. பின்னாலிருந்து 150 கி.மீ. காற்று தள்ளினால் தரையைப் பொறுத்து வேகம் 1,050, நேரம் 5 மணி 17 நிமிடம். அதே காற்று எதிரே வந்தால் 750, நேரம் 7 மணி 24 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 6 மணி 10 நிமிடம். மேலே ஏறி இறங்குவதை இதில் சேர்க்கவில்லை.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. போக வர இரண்டையும் கூட்டுங்கள். காற்றோடு 12 மணி 41 நிமிடத்தைத் தாண்டுகிறது, காற்றில்லாமல் 12 மணி 21 நிமிடம்தான். போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தால் சரியாகாது. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நிற்கிறோம், அதனால் நஷ்டம் எப்போதும் கூடுதல்.

சன்னலோரம்:
இந்தக் கடைசிப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தேன். எந்தக் காற்று வேகத்தைக் கொடுத்தாலும் காற்றில்லாத நேரம்தான் குறைவாக வருகிறது. நான் இரண்டு திசைக்கும் சராசரி எடுத்துவிட்டால் போதும் என்று திட்டம் போட்டிருந்தேன், அது இனி ஆகாது.

கடல்மைல்:
இன்னொரு எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் தரைத் தூரத்தோடு காற்றுத் தூரம் என்று ஒன்றும் போடுவோம், அதாவது விமானம் காற்றுக்குள் எவ்வளவு தூரம் ஓடியது என்பது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் லண்டனிலிருந்து நியூயார்க் போகும் விமானம் தரையில் 5,555 கி.மீ. கடக்க, காற்றுக்குள் 6,666 கி.மீ. ஓட வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது 4,761தான். எரிபொருள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கரைகிறது. அதனால் பல நேரம் பெருவட்டத்தை விட்டு முன்னூறு நானூறு கி.மீ. விலகிப் போவது லாபமாக இருக்கும். திரையில் விமானம் சுற்றிப் போகிறதே என்று பயணிகள் முணுமுணுப்பார்கள், அன்றைக்கு அதுதான் வேகமான வழி. சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தின் பெருவட்ட நீளம் 15,300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அந்தக் கோடு வட துருவத்துக்குப் பக்கத்தில் போகிறது. ஆனால் அன்றைய காற்றைப் பார்த்து பசிபிக் மேலேயும் பறப்பார்கள், எதிர்த்திசையில் அட்லாண்டிக் மேலேயும் வருவார்கள்.

மேகப்பொதி:
2020 பிப்ரவரியில் ஒரு 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது என்று செய்தி வந்ததே. வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். ஒலியின் வேகமே 1,225தான். அப்படியானால் ஒலியைத் தாண்டிவிட்டதா இல்லையா?

கோணமானி:
இல்லை. 1,300 என்பது தரையைப் பொறுத்த வேகம். ஒலித்தடை என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியது, விமானம் தன் காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் இருந்தது. அது மட்டும் இல்லை, அந்த 1,225 கீழே தரை மட்டத்து வெப்பத்துக்கான எண். 11 கி.மீ. உயரத்தில் மைனஸ் 56 டிகிரி குளிரில் ஒலியின் வேகமே 1,062க்கு இறங்கிவிடுகிறது. பெரிய விமானங்கள் அதில் 0.85 பங்கு போகும், அதாவது 903. ஏ320, 737 போன்ற சிறியவை 0.78, அதாவது 828.

நிஜமாகவே ஒலியைத் தாண்டியது கான்கார்ட். இதே தடத்தில் 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 வினாடி. பயணிகள் விமானத்தில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அரைத்தூக்கம்:
எல்லாம் சரி, பயணச்சீட்டில் போடும் நேரத்தைப் பற்றி யாராவது நேர்மையாகப் பேசுங்கள். இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், தாமதமாகக் கிளம்பும், ஆனாலும் “சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம்” என்று ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொல்வார்கள். இறங்கிய பிறகு ஓடுபாதையிலிருந்து முனையத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். ஒரு முறை வேறு விமானம் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தேன், சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன், கதவு திறப்பதற்குள் அந்த விமானம் போய்விட்டது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, எல்லாமே ஒரே லட்சணம்தான்.

கடல்மைல்:
கோபம் புரிகிறது, ஆனால் கூட்டிப் போடுவதில் முழுக்க ஏமாற்று இல்லை. அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை, பிளாக் நேரம். கிளம்பும் இடத்தில் சக்கரக்கட்டையை எடுத்து விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, சேரும் இடத்தில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நிமிடம் வரை. தரையில் ஊர்வதும் அதற்குள் அடக்கம். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போலில் 2003இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதை முனையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றால், அதில் இறங்கினால் ஊர்ந்து வரவே 10 முதல் 20 நிமிடம் ஆகும். அதே விமானம் வேறு ஓடுபாதையில் இறங்கினால் சட்டென்று முடிந்துவிடும். அட்டவணை ஆறு மாதம் முன்பே போட வேண்டும், அன்றைக்கு எந்த ஓடுபாதை என்று யாருக்கும் தெரியாது. அதனால் பழைய பதிவுகளை எடுத்து, பெரும்பாலான நாட்கள் எட்டிவிடக்கூடிய ஒரு நேரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டிப் போடவும் செய்வார்கள், மறுக்கவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரம். அந்தப் பட்டியலில் மேலே நிற்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் நிறுவனத்துக்கே நஷ்டம், விமானமும் பணியாளர்களும் சும்மா நிற்பார்கள். அப்படியும் சேர்க்கிறார்கள்.

அரைத்தூக்கம்:
அப்படியானால் தாமதத்துக்குச் சட்டப்படி எந்த நேரத்தை எடுப்பார்கள்? தரையைத் தொட்டதையா, கதவு திறந்ததையா?

கோணமானி:
ஐரோப்பாவில் இதற்கே ஒரு வழக்கு நடந்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொன்னது: குறைந்தது ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்த நேரம்தான் சேர்ந்த நேரம். உங்களுக்குத் தரையைத் தொட்டது கணக்கே இல்லை.

தூரமும் அந்தச் சட்டத்தில் வருகிறது. 261/2004 என்ற ஒழுங்குமுறையில் இழப்பீட்டுத் தொகை தூரத்தைப் பொறுத்தது, 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று படிகள். அந்தத் தூரம் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நடுவில் விமானம் மாறினாலும் கிளம்பிய இடத்துக்கும் கடைசியாகச் சேரும் இடத்துக்கும் இடையில் உள்ள நேர்த்தூரம்தான் கணக்கு என்று 2017இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. சுற்றி வளைத்து அழைத்துப் போனார்கள் என்பதற்காகத் தூரம் கூடாது. ஆக 1,498, 1,503 என்ற அளவில் இருக்கும் தடங்களில் உருண்டையா நீள்கோளமா என்ற என் அலட்டலுக்கும் விலை உண்டு.

சன்னலோரம்:
இதை நான் எதிர்பார்க்கவில்லை. சரி, நீள்கோளத்துக்கே மாறிவிடுகிறேன். இப்போது கேள்வி: வான்வெளி மூடிக்கிடந்தால் என்ன செய்வது? ஹெல்சின்கி – டோக்கியோ போட்டேன், 7,830 கி.மீ. வருகிறது. மணிக்கு 850 வைத்து அரை மணி சேர்த்தால் 9 மணி 43 நிமிடம். ஆனால் அட்டவணை 12, 13 மணி நேரம் என்கிறது.

கடல்மைல்:
2022 வரை உங்கள் தாள் சரியாகச் சொல்லியிருக்கும், அப்போது ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம்தான். அந்த ஆண்டு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் பெருவட்டப் பாதை முழுதும் போய்விட்டது, அது சைபீரியாவின் மேலேதான் இருந்தது. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் மார்ச் மாதம் வட துருவத்தைச் சுற்றி அலாஸ்கா பக்கமாகப் பறக்கத் தொடங்கியது, 13 மணி நேரம். இந்த மாதிரி மூடல்களை எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்காது. கையால் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, இந்தத் தடம் இந்த வான்வெளியைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

கடலும் ஒரு தடைதான். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் மீதி ஒன்றை வைத்துக் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் எட்டும்படி ஒரு விமான நிலையம் எப்போதும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் 60 நிமிடம்தான் அனுமதி, 1985இல் 120 ஆனது, பிறகு 180, இன்று ஏ350க்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. அதனால் வட அட்லாண்டிக்கில் இப்போது இது பெரிய தொல்லையாக இல்லை. தென் கோளத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போகும்போது, பெருவட்டம் அண்டார்டிகா பக்கம் தாழ்ந்து போகிறது, பக்கத்தில் இறங்க ஓர் இடமும் இல்லை, அங்கேதான் கோடு வடக்கே விலகுவதைப் பார்க்கலாம்.

மேகப்பொதி:
இதெல்லாம் நிற்காமல் பறப்பது. எவ்வளவு தூரம் வரை நிற்காமல் போக முடியும்? சிட்னி – லண்டன்?

கடல்மைல்:
போயிருக்கிறார்கள், பயணிகள் சேவையாக இல்லை. ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸ் 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்குச் சோதனையாக ஒரு 787ஐ ஓட்டியது, 19 மணி 19 நிமிடம். ஆள் குறைவு, சரக்கு இல்லை. வாடிக்கையாளர்களோடு 2018 மார்ச்சில் தொடங்கியது பெர்த் – லண்டன், 14,500 கி.மீ., ஏறத்தாழ 17 மணி நேரம். நீண்ட தூரத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது: கடைசி சில மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே முதல் சில மணி நேரம் கூடுதல் எரிபொருள் செலவாகும். அதனால் தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருளும் கூடுகிறது.

சன்னலோரம்:
நேர மண்டலம்? புறப்பாடு, வருகை இரண்டையும் கழித்தால் சில தடங்களில் மைனஸ் வருகிறது.

கோணமானி:
இரண்டையும் முதலில் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள். அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கழிக்கும்போது அந்தத் தேதியில் கோடைக்கால நேரம் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே வாரத்தில் மாற்றுவதில்லை, மார்ச்சில் சில வாரம் நியூயார்க் – லண்டன் இடைவெளி நாலு மணியாகிவிடும். ஐந்து என்று நிலையாக எழுதி வைத்தால் அந்த வாரங்களில் விடை ஒரு மணி நேரம் தவறும்.

சோதனைக்கு நல்ல தடம் வேண்டும் என்றால் சமோவாவின் அப்பியா – அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ எடுங்கள். நடுவில் 150 கி.மீ. சொச்சம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. ஆனால் நடுவே தேதிக்கோடு. 2011 டிசம்பர் 30ஐ சமோவா அப்படியே விழுங்கிவிட்டுக் கோட்டின் மறுபக்கம் தாண்டியது. இப்போது இரண்டு ஊர்க் கடிகாரத்திலும் ஒரே மணி, நாட்காட்டியில் மட்டும் ஒரு நாள் வித்தியாசம். திங்கட்கிழமை காலை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை காலை இறங்குவீர்கள். உங்கள் தாள் இதைச் சரியாகச் சொன்னால் மற்ற எல்லாத் தடத்தையும் தாங்கும்.

சன்னலோரம்:
சொல்லிவிட்டது! யூடிசி வைத்ததும் மைனஸ் எல்லாம் போய்விட்டது. இப்போது நேரத்துக்கு நான் வைத்திருப்பது இது: நீள்கோளத் தூரம், வகுத்தல் 850, கூட்டல் 30 நிமிடம், பிறகு திசையும் மாதமும் பார்த்து ஒரு காற்றுத் திருத்தம். திருத்தம் இல்லாமலே ஜேஎஃப்கே – ஹீத்ரோ 7 மணி 2 நிமிடம் வருகிறது. நியூயார்க் – லண்டன் திசையில் அட்டவணைக்குப் பக்கத்தில், எதிர்த்திசையில் ஒரு மணி நேரம் குறைவு.

கடல்மைல்:
அந்த 30 நிமிடத்துக்குள் மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதும் தரையில் ஊர்வதும் வருகிறது, அதனால் பெரிய நிலையங்களுக்கு 40 வையுங்கள். சின்ன நிலையத்துக்கு 30 போதும். காற்றுத் திருத்தத்தைத் தூரத்துக்குப் போடாதீர்கள், வேகத்துக்குப் போடுங்கள். தூரத்தைக் கூட்டிக் குறைத்தால் மேலே பேசிய அந்தப் போக வர நஷ்டம் உங்கள் தாளில் தெரியவே தெரியாது.

அரைத்தூக்கம்:
உங்கள் சூத்திரத்தில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள்.

சன்னலோரம்:
2.7 கி.மீ., 30 நிமிடம் என்கிறது. நிஜத்தில்?

அரைத்தூக்கம்:
அட்டவணையில் இரண்டு நிமிடம். வேகமாகப் போன நாள் 53 வினாடி. உலகத்திலேயே குட்டையான அட்டவணைப் பயணம். தூங்கவே முடியாது.

கடல்மைல்:
எட்டு பேர் உட்காரும் சின்ன ஐலண்டர் விமானம், உயரமே ஏறாது, ஊர்ந்து போக இடமும் இல்லை. 850, 30 இரண்டும் ஜெட் விமானத்துக்கான எண்கள். 200 கி.மீ.க்குக் கீழே சூத்திரத்தை நிறுத்திவிட்டு அட்டவணையையே எடுக்கச் சொல்லுங்கள், அந்தத் தூரத்தில் பெரும்பாலும் புரொப்பெல்லர் விமானம்தான் ஓடும்.

சன்னலோரம்:
200 என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டேன். விமான நிலையங்களின் அட்சரேகை தீர்க்கரேகைப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள், நான் இறக்கி வைத்திருக்கும் பட்டியலில் சில நிலையங்கள் கடலுக்குள் இருக்கின்றன.

கோணமானி:
குறியைப் பாருங்கள். மேற்கும் தெற்கும் மைனஸ்.